‘இது தல குனியும் மக்களே!’ - ஒரு கம்மல் சொல்லிக்கொடுத்த பாடம்

சித்தி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். நகை வடிவமைப்பில் டிப்ளமோ முடித்தவள் என்பதால், “என் கல்யாணக் கம்மலை நானேதான் டிசைன் பண்ணுவேன்” என்று ஒரே பிடிவாதம். 15 நாள் லேப்டாப்பே கதியென்று கிடந்தாள். கடைசியில் அவள் காட்டிய 3டி படத்தைப் பார்த்து வீடே வாயைப் பிளந்தது. நடுவில் சிவப்புக் கெம்பு, சுற்றிலும் அன்னப்பட்சிகள், மேலே விரிந்த தாமரை. எப்படித் திருப்பினாலும் அழகு!

படத்தோடு நாகர்கோவில் வடசேரிக்குக் கிளம்பினோம். பரதநாட்டிய மேடையில் நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று ஜொலிக்கிறதே, அந்தக் கோயில் நகைகளுக்குப் பேர்போன இடம் அது. வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி ஒட்டுவார்கள். ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரி தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா காதுல போட்டா இது தல குனியும் மக்களே.”

தங்கை முகம் சுருங்கிவிட்டது. “ஏன் தாத்தா?”

“தண்ட நடுவுல வச்சிருக்கல்லா? அத மேல ஏத்து. கனம் தண்டுக்குக் கீழ இருக்கணும், கேட்டியா? இல்லன்னா மாட்டல் போட்டுத்தான் தூக்கிக் கட்டணும்.”

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. “இதுல எத மொதல்ல பத்த வைப்ப?”

நாம் கேலியாகச் சொல்கிற ‘பொடி வைத்து ஊதுவது’ பட்டறையில் நிஜமான வேலை. முதல் இணைப்புக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி. அடுத்ததற்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகுவது. இந்த வரிசை மாறினால், மூன்றாவது இணைப்புக்கு ஊதும்போது முதலாவது கழன்று விழும். தங்கையின் அன்னங்களுக்குக் கழுத்து நூல் மாதிரி இருந்தது. அந்தச் சூட்டை அது தாங்காது என்றார் தாத்தா. திரையில் எதுவும் உருகாது. அதனால் அவளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

‘என்ன இருந்தாலும் அனுபவம்தான் பெருசு’ என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம்தான். (நானும் டிப்ளமோ பார்ட்டி. வகுப்பில் படித்ததைவிட டெஸ்க்கில் திட்டு வாங்கிக் கற்றதுதான் அதிகம்.) ஆனால், அதன் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது.

தங்கை அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தண்டை மேலே ஏற்றினாள், கழுத்தைத் தடிமனாக்கினாள். எத்தனை கிராம் வெள்ளி வேண்டும் என்று நிமிடத்தில் காட்டியது கணினி. தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மேஜையிலிருந்து ஒரு பழைய ஜிமிக்கியை எடுத்தார். “இத அப்பிடியே படமா போட்டுத் தருவியா?”

அது அவர் சொந்தமாக யோசித்துச் செய்த ஜிமிக்கி. பல வருஷங்களுக்கு முன் ஒரு கடைக்குச் செய்து கொடுத்தாராம். அவர்கள் அதை வைத்து அச்செடுத்து, நூற்றுக்கணக்கில் வார்த்து விற்றுவிட்டார்கள். கேட்கப் போனால், “உங்க டிசைன்னு என்ன ஆதாரம்?” என்றார்களாம். அவரிடம் படம் இல்லை, தேதி இல்லை, காகிதம் இல்லை. எல்லாமே கையில்தான் இருந்தது.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். ஒருவர் யோசித்த புதிய வடிவத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். அதற்கு 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. வரைபடமோ புகைப்படமோ கொடுத்துப் பதிவு செய்தால் 10 வருடப் பாதுகாப்பு கிடைக்கும். இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால், பொதுவில் காட்டுவதற்கும் விற்பதற்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தாத்தாவின் ஜிமிக்கிக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. வெளியே வராத அவரது அடுத்த ஜிமிக்கிக்கு இன்னும் வழி இருக்கிறது.

உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லாலிக் 1876-ல், 16 வயதில், பாரிஸில் ஒரு நகைப் பட்டறையில் வேலை பழகப் போனார். பிறகு இங்கிலாந்து சென்று 2 ஆண்டுகள் கலை படித்தார். திரும்பி வந்து கார்ட்டியர், பூஷ்ரோன் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு டிசைன் வரைந்து கொடுத்தார். 1885-ல் சொந்தப் பட்டறை கிடைத்த பிறகுதான் தன் பெயரிலேயே நகை செய்து புகழ் பெற்றார். கை வேலையும் அவருக்குத் தெரியும், காகித வேலையும் தெரியும்.

நம் ஊரில் இந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டு வேறு ஆட்களிடம் இருக்கின்றன. படித்தவருக்கு ‘டிசைனர்’ என்று பெயர், செய்தவருக்குக் கூலி. நகைக்கடை பில்லைப் பாருங்கள். எடை, செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி எல்லாம் இருக்கும். தங்கத்தில் ஹால்மார்க்கோடு 6 இலக்கக் குறியீடும் இருக்கும். அதை வைத்து எந்தக் கடை, எங்கே பரிசோதித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். செய்தவர் யார் என்று மட்டும் எங்கும் இருக்காது.

அடுத்த முறை கம்மல் வாங்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் சாய்ந்தால், வரைந்தவரும் செய்தவரும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தயங்காமல், “இதைச் செய்தது யார்?” என்றும் கேளுங்கள். நிறைய பேர் கேட்டால் கடைக்காரர்களும் சொல்லப் பழகுவார்கள்.

கம்மல் தயாராகிவிட்டது, தலை குனியவில்லை! படத்தின் கீழே தங்கை இரண்டு பெயர்களை எழுதியிருக்கிறாள். முதல் பெயர் தாத்தாவுடையது.