பின்பாரம்

ஆடி அமாவாசை நெருங்கினால் திருநெல்வேலிச் சீமையில் பாத்திரங்களுக்கு வேலை வந்துவிடும். ஓராண்டாகப் பரண்மேல் தூங்கிய அண்டாவும் குண்டானும் கீழே இறங்கும். ஜமக்காளங்கள் வெயில் காணும். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. காட்டிலே குடில் போட்டு, அடுப்பு மூட்டி, பொங்கி உண்டு, இராத் தங்கி வருவதே முறை. ஆகவே, மனிதர் ஒரு பங்கு என்றால் சாமான் மூன்று பங்கு. பட்டவராயருக்குக் காணிக்கை செலுத்தும் தோல் செருப்புக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

முன்னாளில் இந்தப் பிரயாணம் மாட்டு வண்டியில் நடந்தது. வண்டிக்காரர் பாரம் ஏற்றுவதைக் கவனித்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்கள் தெரிந்திருக்கும். மூட்டைகள் முன்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்ப, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். மாடு மூச்சுத் திணறுவதைக் கண்டதுமே, "கொஞ்சம் முன்னே தள்ளி உட்காருங்கம்மா" என்பார் வண்டிக்காரர். அவர் பௌதிக சாஸ்திரம் படித்தவர் அல்லர்.

படித்த நான் செய்த காரியத்தை இனிச் சொல்லுகிறேன்.

அத்தான் ஒரு சிறிய வேன் வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் அதில் கோயிலுக்குப் புறப்பட்டோம். சாமானுக்கு இடம் இல்லை. கூரைமேல் ஏற்றலாமென்றால், அண்டாவைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். மலைப்பாதையின் வளைவுகளில் உச்சிப் பாரம் வண்டியைச் சாய்க்கவும் பார்க்கும். அமெரிக்காவில் வண்டியின் அடிச் சட்டத்தில் சதுரக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் இரும்புத் தட்டைச் செருகி, ஆணி பூட்டிச் சாமான் ஏற்றுகிறார்கள் என்று அத்தான் படத்தில் பார்த்திருந்தார். யோசனை தவறானது என்று சொல்ல மாட்டேன். தட்டு தாழ்வாக இருப்பதால் பெண்பிள்ளைகளும் எளிதில் ஏற்றி இறக்கலாம். ஆனால், இழுவைக்கென்று அமைந்த அந்த வண்டிகளுக்கு எத்தனை கிலோ வரை தாங்கும் என்ற கணக்கைத் தயாரித்தவர்களே வகுத்துத் தருகிறார்கள். எங்கள் தட்டையோ, கணக்கு ஏதும் இன்றி, பட்டறையில் ஒரே பிற்பகலில் பற்றவைத்து மாட்டினார்கள்.

"எப்படி இருக்கு வாத்தியாரே?" என்று அத்தான் கேட்டார். "பிரமாதம்" என்றேன்.

இருபது ஆண்டுகளாக நெம்புகோல் பாடம் நடத்துகிறவன் நான். வேனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்று கொள்வோம். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 120 கிலோ தொங்குகிறது. பின் சக்கரங்களின் மேல் ஏறுவது 120 அன்று, 180 கிலோ! மிகையான அந்த 60 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்படுவது. வண்டியைத் திருப்புபவை முன் சக்கரங்கள். பிரேக் போடும்போது பெரும்பங்கு பிடிப்பவையும் அவையே. மாட்டின் தொண்டையை இறுக்கிய அதே பின்பாரந்தான். வேனுக்கு மூச்சு இல்லாததால் முறையிடவில்லை. இது நின்ற கணக்கு. குழியில் விழுந்து எழும்போது பாரம் பன்மடங்காகித் தட்டை உலுக்கும்.

போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் தட்டு தரையில் உரசியது. பாபநாசம் சோதனைச் சாவடியைத் தாண்டி மலை ஏறுகையில், "ஸ்டியரிங் லேசா இருக்கே" என்றார் அத்தான், ஏதோ நல்ல சகுனம் போல. எதிரே வந்தவர்கள் கண் கூசித் திட்டினார்கள்; முன்புறம் நிமிர்ந்ததால் விளக்கின் ஒளி அவர்கள் முகத்தில் அடித்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. விக்கிரமசிங்கபுரத்துக்கு அருகே அத்தான் பிரேக்கை அழுத்தினார். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் எங்கள் தட்டில் மோதி விழுந்திருந்தான். எங்கள் அண்டா பின்விளக்கை முழுவதும் மறைத்திருந்தது, நம்பர் பலகையையுந்தான். முழங்கால் கிழிந்து இரத்தம் பெருகியது, எலும்பு பிழைத்தது. "லைட்டே தெரியல, சார்" என்று அவன் சொன்னபோது எனக்கு நாக்கு எழவில்லை.

சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த அமைப்பை நம் இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. பாரம் அனுமதித்த அளவுக்கு மேல் பின்னே நீட்டிக்கொண்டிருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். அபராதத்தைக் காட்டிலும் அந்தப் பையனுடைய முழங்கால்தான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது பஸ்களின் பின்னால் கரிவாயு உலையைத் தொங்கவிட்டு ஓட்டவில்லையா என்று அத்தான் இன்றும் வாதாடுகிறார். ஓட்டினார்கள், மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் அத்தகைய உலைகளைச் செய்தே கொடுத்தார். ஆனால் அந்த பஸ்கள் நீளமானவை; முன்னால் கனத்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது. எங்கள் வேனில் எஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில் ஒடுங்கியிருக்கிறது.

அடுத்த ஆடியில் கடைசி ஆசனத்தைக் கழற்றிவிட்டு, அண்டாவை உள்ளே, அச்சுகளுக்கு நடுவில் வைத்தோம். நானும் மருமகனும் அரசாங்க பஸ்ஸில் போனோம். தட்டு இப்போது கொல்லைப்புறத்தில் நாலு செங்கல்மேல் கிடக்கிறது. அக்காள் அதில் வடகம் காயப் போடுகிறாள்.