விண்ணப்பமும் போடுவோம், கேள்வியும் கேட்போம்

பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு திரும்பியிருந்தேன். சித்தி மகன் கைப்பேசியை நீட்டி, "அக்கா, போலீஸ் வேலைக்கு மனு போடணும். தப்பில்லாம நிரப்பிக் கொடுங்க" என்றான். எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை செய்கிறான். நல்ல உயரம். நன்றாக ஓடுவான். மலாய்மொழியில் என்னைவிட நல்ல தேர்ச்சி.

நான் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் சித்தி அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். "அந்த வேலை வேணாம்பா. நம்ம பிள்ளைங்க லாக்கப்புல சாகுது. அங்கேயே போய் நீ வேலை பார்க்கணுமா?" என்றார். நாளிதழை மடித்து வைத்த தாத்தாவும் சேர்ந்துகொண்டார். "முதல்ல எடுக்க மாட்டான். எடுத்தாலும் மேல ஏத்த மாட்டான். சார்ஜனாவே ஓய்வு பெற வேண்டியதுதான்."

மூன்று பயங்கள். வேலைக்கு எடுப்பார்களா, பதவி உயர்வு தருவார்களா, தவறு செய்த காவலரை யாராவது தட்டிக் கேட்பார்களா? இந்த மூன்றையும் நாம் தனித்தனியாகவே பேசிப் பழகிவிட்டோம். முதல் இரண்டும் வேலைவாய்ப்புப் பிரச்சினை, மூன்றாவது மனித உரிமைப் பிரச்சினை என்று நானும் நினைத்திருந்தேன். இந்தப் பருவத்தில் அரசியலமைப்புச் சட்டப் பாடம் எடுத்த பிறகுதான், மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 140ஆவது பிரிவு அது.

கோலாலம்பூரில் குடியிருக்கும் பலர், நகரத்துப் போலீஸ் மாநகர் மன்றத்துக்குக் கட்டுப்பட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாங் வாங்கி, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செராஸ், வங்சா மாஜு என எந்த வட்டாரத்துக் காவல் நிலையமானாலும், ஜாலான் ஹங் துவாவில் இருக்கும் கோலாலம்பூர் தலைமையகம் வழியாகப் புக்கிட் அமானுக்குக் கட்டுப்பட்டது. மாநகர் மேயருக்கு அதில் அதிகாரம் எதுவும் கிடையாது. நாடு முழுவதும் ஒரே போலீஸ் படை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றுகிறார்கள்.

இத்தனை பேரின் நியமனம், பணி உறுதிப்பாடு, பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய அனைத்தையும் 140ஆவது பிரிவு போலீஸ் படை ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. அந்த ஆணையத்தின் தலைவர், காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர், அதாவது உள்துறை அமைச்சர். தேசிய போலீஸ் படைத் தலைவர் அதில் ஓர் உறுப்பினர். அமைச்சின் தலைமைச் செயலாளர் இன்னோர் உறுப்பினர். பொதுச் சேவை ஆணையத்திலிருந்து ஒருவரும், மாமன்னர் நியமிக்கும் வேறு சிலரும் உண்டு. தன் அதிகாரத்தை இந்த ஆணையம் காவல்துறை அதிகாரிகளுக்கும் அவர்கள் அடங்கிய குழுக்களுக்கும் பகிர்ந்தளிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஆளை எடுப்பதும், உயர்த்துவதும், தண்டிப்பதும் ஒரே மேசை. அந்த மேசையில் அமைச்சரும் படைத் தலைவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எந்த நிர்வாகத்திலும் மேலதிகாரிக்குத் தன் ஊழியர்மீது அதிகாரம் இருப்பது இயல்புதான். ஆனால் காவலர் சாதாரண ஊழியர் அல்ல. ஒரு மனிதரைக் கைது செய்யவும், அறையில் அடைக்கவும், துப்பாக்கி ஏந்தவும் சட்டம் அவரை அனுமதிக்கிறது. அவர் தவறு செய்தால் அதை அவருடைய சொந்தத் துறையே தீர்மானிப்பது, தன் தேர்வுத் தாளைத் தானே திருத்திக்கொள்வது போலத்தான். மாணவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணை வகுப்பில் யார் நம்புவார்கள்?

இதை முதன்முதலில் உரக்கச் சொன்னது எதிர்க்கட்சியோ அரசு சாரா இயக்கமோ அல்ல. 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம்தான் சொன்னது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ட்ஸைடின் அப்துல்லா அதற்குத் தலைமை தாங்கினார். 2005இல் வெளிவந்த அதன் அறிக்கையில் 125 பரிந்துரைகள் இருந்தன. அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, காவல்துறைமீதான புகார்களை விசாரித்து ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கக்கூடிய சுயேச்சை ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது. இன்றும் அதை ஐ.பி.சி.எம்.சி. என்ற பெயரால் அறிகிறோம். அந்த அறிக்கை வந்த ஆண்டில் பிறந்தவள் நான்.

அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை. படைக்குள் எதிர்ப்பு பலமாக இருந்தது. 2009இல் அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டு, 2011இல் அது செயல்படத் தொடங்கியது. போலீசுடன் வேறு பல அமலாக்கத் துறைகளையும் அதுவே கவனிக்க வேண்டியிருந்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பரிந்துரைக்க மட்டுமே முடியும். 2014இல் காவல்துறைக்குள்ளேயே நேர்மை, தரநிலைக் கண்காணிப்புத் துறை உருவானது. 2019இல் ஐ.பி.சி.எம்.சி. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆட்சி மாறி, 2020இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். 2022இல் சட்டமாகி, 2023 ஜூலை முதலாம் தேதி நடப்புக்கு வந்தது. பரிந்துரையிலிருந்து நடைமுறைக்கு வர 18 ஆண்டுகள். வந்ததும் பரிந்துரைத்த வடிவில் வரவில்லை.

காவலில் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால் காவல்துறை அதை இந்த ஆணையத்திடம் அனுப்ப வேண்டும். இது நல்ல விதி. ஆனால் விசாரித்து முடித்ததும், ஒழுங்கு நடவடிக்கைக்கான முடிவு பழையபடி போலீஸ் படை ஆணையத்திடமே போகிறது. லாக்கப்பைப் பார்வையிட வேண்டுமானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் கீழ்ப் படைத் தலைவர் பிறப்பிக்கும் நிலையாணைகளுக்கு உட்பட்ட செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும்.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று நினைப்பவர்கள் தர்மேந்திரனை நினைத்துப் பாருங்கள். 2013 மே மாதம் என். தர்மேந்திரன் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் தடுப்புக் காவலில் இறந்தார். உடலில் 52 காயங்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு காவலர்களும் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் நேர்மை ஆணையம் தன் விசாரணையில், போலீசார் பலத்தைப் பயன்படுத்தியதே மரணத்துக்குக் காரணம் என்றும், பதிவுகள் திருத்தப்பட்டன என்றும் 2016இல் அறிவித்தது. கொலை வழக்குக்குத் தேவைப்படும் சான்று வேறு; ஒருவர் சீருடை அணியத் தகுதியானவரா என்று கேட்பது வேறு. முதலாவதற்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு வெளியிலிருந்து பதில் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கக் கூடாது. 2009இல் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த ஏ. குகன் வழக்கில் சிறைத் தண்டனை பெற்றவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். அவரும் நம் சமூகத்தைச் சேர்ந்தவரே. ஆகவே, படையில் இந்தியர் எண்ணிக்கை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். ஆளின் இனம் மாறலாம். கேள்வி கேட்பார் இல்லாத அறை மாறாவிட்டால், அதற்குள் போகும் ஆள்தான் மாறுவார்.

அதற்காக எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு இருக்கும் நாம், போலீஸ் படையில் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கிறோம். விண்ணப்பிப்பவர்களே குறைவு என்பது அதிகாரிகள் பல ஆண்டுகளாகச் சொல்லும் விளக்கம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தபோது, அதில் உண்மை இருக்கிறது என்றே தோன்றியது. ஆனால் ஏன் விண்ணப்பிப்பதில்லை என்பதற்கும் அதே மேசையில் பதில் இருந்தது. சித்தி சம்பளத்தைப் பற்றியோ பயிற்சியின் கடுமையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. லாக்கப்பைப் பற்றித்தான் பேசினார். ஆள்சேர்ப்புக்குக் கூடாரம் போட்டுத் துண்டறிக்கை கொடுப்பதைவிட, ஒரு காவல் மரணத்துக்கு நேர்மையான பதில் கொடுப்பது அதிகம் பேரை அழைத்து வரும்.

தாத்தாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மேலே ஏறியவர்கள் இல்லாமல் இல்லை. ஜொகூர் மாநிலப் போலீஸ் தலைவராக இருந்த டத்தோ எம். குமார் 2025இல் புக்கிட் அமான் குற்றப் புலனாய்வுத் துறைக்கு இயக்குநரானார். ஆனால் உச்சிக்குப் போன ஒருவரைக் காட்டி, அடியில் நிற்கும் ஆயிரம் பேருக்கு ஆறுதல் சொல்ல முடியாது. கான்ஸ்டபிளிலிருந்து லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜன், சார்ஜன் மேஜர், சப் இன்ஸ்பெக்டர் என்று படிகள் பல. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு, ஊழல் தடுப்பு ஆணையத்தின் சோதனை ஆகியவை ஒருவரின் ஏற்றத்தைத் தீர்மானிக்கின்றன. மதிப்பெண் போடுவது மேலதிகாரி. அவர்மீதே புகார் சொல்ல வேண்டிய நிலை வந்தால் ஓர் இளம் காவலர் என்ன செய்வார்? வெளியார் கண்காணிப்பு பொதுமக்களுக்கு மட்டும் பாதுகாப்பு அல்ல; தவறைப் பார்த்துவிட்டு வாய் திறக்க நினைக்கும் நேர்மையான காவலருக்கும் அதுவே பாதுகாப்பு.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். ராணுவத்துக்கும் சுங்கத்துறைக்கும் இல்லாத ஆணையம் எங்களுக்கு மட்டும் ஏன் என்று காவலர்கள் கேட்கிறார்கள். நள்ளிரவில் ஆயுதக் கும்பலைத் துரத்துபவர், நாளை விசாரணை வருமோ என்று தயங்கினால் யாருக்கு நஷ்டம் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் தயக்கம் வருவது விசாரணையால் அல்ல, விசாரணை நியாயமாக இருக்குமா என்ற சந்தேகத்தால். மருத்துவர்கள் தினமும் உயிரோடு போராடுகிறார்கள். அவர்கள்மீதான புகாரை விசாரிக்க மருத்துவமனைக்கு வெளியே மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது. அதனால் அவர்கள் அறுவை சிகிச்சையை நிறுத்திவிடவில்லை.

அரசியலமைப்பே ஒழுங்கு நடவடிக்கையைப் போலீஸ் படை ஆணையத்திடம் கொடுத்துவிட்டதே, பிறகு என்ன செய்ய முடியும் என்று சிலர் கை விரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 140ஆவது பிரிவின் முதல் உட்பிரிவைக் கடைசி வரி வரை படித்தால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்தை வேறோர் அமைப்பிடம் ஒப்படைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். அதாவது, கதவு பூட்டப்படவில்லை. திறக்கத்தான் ஆளில்லை.

எல்லா அதிகாரத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வருகைப் பதிவு, சீருடை ஒழுங்கு போன்றவை துறையிடமே இருக்கட்டும். காவலில் மரணம், கடுங்காயம் என்ற இரண்டு வகைப் புகார்களுக்கு மட்டுமாவது நடத்தை ஆணையமே முடிவெடுக்கட்டும். அதுவரை, ஆணையத்தின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் போலீஸ் படை ஆணையம் என்ன செய்தது, ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மக்களுக்கு அறிவிக்கட்டும். லாக்கப்பைப் பார்வையிட முன்னறிவிப்புத் தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தட்டும்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வதை மலாய்க்காரர்களும் சொல்கிறார்கள்: 'ஹரப்கான் பகார், பகார் மாக்கான் பாடி'. இந்தக் கவலை ஓர் இனத்துக்கு உரியதல்ல. காவலில் இறந்தவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. ஆகவே இளைஞர்களே, இதை இந்தியர் பிரச்சினை என்று சுருக்காமல் உங்கள் மலாய், சீன நண்பர்களோடும் பேசுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். பதினெட்டு வயதிலேயே நமக்கு வாக்கு இருக்கிறது.

அன்றிரவு தம்பியின் விண்ணப்பத்தை நிரப்பி முடித்தேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் சித்தியைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் மட்டும், "போறதா இருந்தா, கை நீட்டுறவனா மட்டும் ஆயிடாதப்பா" என்றார். அவன் தலையாட்டினான். அவன் அந்த வாக்கைக் காப்பாற்றுவான் என்று நம்புகிறேன். ஆனால் தாய்க்குக் கொடுத்த வாக்கை மட்டும் நம்பி ஒரு நாட்டின் லாக்கப்புகளை விட்டுவைக்க முடியாது.