கிடங்கு யாருடையதோ, வேகம் அவருடையது

“வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ்” என்னும் விளம்பரப் பலகை இன்று நாட்டின் சிறு நகரங்களிலும் தொங்குகிறது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் குடும்பம் யூடியூப் காணொலியைத் தடங்கலின்றிப் பார்க்கிறது. அதே இணைப்பில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தளமோ, ஒரு சிறு பத்திரிகையின் பக்கமோ திறக்காமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. பழி அந்தச் சிறிய தளத்தின் மீது விழுகிறது. ‘தனியார் என்றால் வேகம், பொது என்றால் மந்தம்’ என்ற நவதாராளமய வேதம் மீண்டும் ஓதப்படுகிறது.

உண்மை வேறு. எம்பிபிஎஸ் என்பது குழாயின் அகலத்தைக் காட்டும் அளவு. சரக்கு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை அது சொல்வதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். இந்தியாவிலிருந்து அமெரிக்கக் கணினி ஒன்றைக் கேட்டுப் பதில் பெற 200 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. ஒரு பக்கம் திறப்பதற்குள் முகவரியைத் தேடவும், இணைப்பை ஏற்படுத்தவும், மறையாக்கத்தை உறுதிசெய்யவும், படங்களை வரவழைக்கவும் பலமுறை இவ்வாறு போய்வர வேண்டும். குழாயை இரு மடங்கு அகலமாக்கினாலும் இந்தத் தாமதம் குறையாது. அந்தப் பக்கத்தின் நகலைச் சென்னையிலோ மும்பையிலோ வைத்துவிட்டால் குறையும். இதற்குப் பெயர்தான் ‘கேஷ்’, அதாவது இடைச்சேமிப்பு.

பஞ்சாபில் விளையும் கோதுமையை இந்திய உணவுக் கழகம் நாடெங்கும் உள்ள கிடங்குகளில் சேமிப்பதால்தான் தொலைவில் உள்ள ரேஷன் கடைக்கும் அது உரிய காலத்தில் போய்ச் சேர்கிறது. இணையத்துக்கும் இத்தகைய கிடங்கு தேவை. கேள்வி ஒன்றே: அந்தக் கிடங்கு யாருக்குச் சொந்தம்?

பொதுச் சேமிப்பு தனியார் பதுக்கலான கதை

1990களில் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் பொது இடைச்சேமிப்புகளை வைத்திருந்தன. 1996இல் உருவான ‘ஸ்குவிட்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. ஒருவர் கேட்ட பக்கத்தின் நகல், அடுத்துக் கேட்பவருக்கு அருகிலிருந்தே கிடைத்தது. பெரிய தளம், சிறிய தளம் என்ற பேதம் அதற்கு இல்லை.

பின்னர் தளங்கள் மறையாக்கத்துக்கு மாறின. தனியுரிமைக்கு அது இன்றியமையாதது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் இடையில் உள்ள பொதுச் சர்வர் எதையும் படித்துச் சேமிக்க முடியாமல் போயிற்று. காலியான அந்த இடத்தை மூலதனம் கைப்பற்றியது. 1998இல் தொடங்கப்பட்ட அகமாய், கட்டணம் தருவோரின் சரக்கைச் சுமந்தது. கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தத்தம் சர்வர்களை இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தன. சிறு தளங்களுக்கு இலவசமாக இடம் தரும் நிறுவனங்களும் உண்டு. எனினும் விதியை வகுப்பவை அந்த நிறுவனங்களே.

‘தம் செலவில் வைக்கிறார்கள், மக்களுக்கு வேகம் கிடைக்கிறது, இதில் குறை என்ன?’ என்று சிலர் கேட்கலாம். வேகம் கிடைப்பது மெய்தான். இயந்திரம் வேறு, அதன் முதலாளித்துவப் பயன்பாடு வேறு என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் பிரித்துக் காட்டினார். இடைச்சேமிப்பு பகையன்று, அதன் உடைமையே பிரச்சனை. போதிய போக்குவரத்து உள்ள பெரிய நிறுவனத்துக்கே இத்தகைய சர்வர்கள் எளிதில் கிடைக்கின்றன. சிறிய கேபிள் ஆபரேட்டரோ தன் போட்டியாளரான பெருநிறுவனத்திடமே அலைவரிசையை விலைக்கு வாங்க வேண்டிய நிலையில் நிற்கிறார்.

திறந்துவிடப்பட்ட பின்கதவு

ஃபேஸ்புக்கின் ‘ஃபிரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு எதிராக நாடு தழுவிய எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாக 2016 பிப்ரவரியில் பாரபட்சக் கட்டணங்களை டிராய் தடை செய்தது. அது மக்களின் வெற்றி. ஆனால் 2017 நவம்பரில் டிராய் அளித்த இணையச் சமநிலைப் பரிந்துரைகள், உள்ளடக்க விநியோக வலையமைப்புகளுக்கு விலக்கு அளித்தன. 2018இல் ஒன்றிய அரசு அதை ஏற்றது. முன்கதவுக்குப் பூட்டு, பின்கதவுக்குத் திறப்பு! கட்டணத்தில் பாரபட்சம் கூடாது. கிடங்கில் மட்டும் கூடுமாம்.

2020இல் ஜியோ பிளாட்பார்ம்ஸ் நிறுவனத்தின் 9.99 விழுக்காடு பங்குகளை ஃபேஸ்புக்கும், 7.73 விழுக்காட்டைக் கூகுளும் வாங்கின. சரக்கின் உடைமையாளரே கிடங்கையும் வைத்துக்கொண்டு, குழாயிலும் பங்கு பெறும் ஏகபோகம் இது. இவர்களுக்கிடையிலான ஒப்பந்தங்கள் மக்களின் பார்வைக்கு வருவதில்லை.

மறுபுறம், கடலடிக் கேபிள்களைக் கையாண்ட விஎஸ்என்எல் 2002இல் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. பிஎஸ்என்எல் 4ஜி இன்றி ஆண்டுக்கணக்கில் முடக்கப்பட்டது. கம்பிவழி பிராட்பேண்டில் முதலிடத்தில் இருந்த அந்தப் பொதுத்துறை நிறுவனத்தை 2021 நவம்பரில் ஜியோ முந்தியது.

தென் கொரியாவின் பாடம்

இப்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள், அதிகப் போக்குவரத்தை உண்டாக்கும் தளங்கள் தமக்கு ‘நியாயமான பங்கு’ தர வேண்டும் என்கின்றன. இது இரு பெருமூலதனங்களின் பாகப்பிரிவினைச் சண்டை. சந்தாதாரர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்.

தென் கொரியாவில் 2016இல் போக்குவரத்தை அனுப்பும் நிறுவனமே பணம் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. அதுவரை கேடி நிறுவனத்தில் இருந்த ஃபேஸ்புக் கிடங்கிலிருந்தே பிற நிறுவனச் சந்தாதாரருக்கும் நகல்கள் சென்றன. செலவுத் தகராறு எழுந்ததும் ஃபேஸ்புக் அந்தச் சந்தாதாரரை வெளிநாட்டு சர்வர்களுக்குத் திருப்பிவிட்டது. குழாய் மாறவில்லை, கட்டணம் குறையவில்லை. வேகம் மட்டும் சரிந்தது. 2018இல் ஒழுங்குமுறை ஆணையம் அபராதம் விதித்தது. 2019இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கிடங்கின் சாவி தனியார் கையில் இருந்தால் வீட்டின் வேகமும் அவர்கள் தயவில்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. உள்ளடக்க விநியோக வலையமைப்புகளுக்கான விலக்கு நீக்கப்பட்டு, ஒப்பந்தங்கள் வெளியிடப்பட வேண்டும். 2003இல் நிறுவப்பட்ட நிக்ஸி இணையப் பரிமாற்ற மையங்களிலும், பிஎஸ்என்எல், பாரத்நெட் கட்டமைப்புகளிலும் பொது இடைச்சேமிப்புகள் அமைக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள், அரசுச் சேவைகள், கூட்டுறவுகள், சிறு பத்திரிகைகள் ஆகியவற்றுக்கு அங்கே கட்டணமின்றி இடம் வேண்டும். விளம்பரங்களில் எம்பிபிஎஸ்ஸுடன் தாமத அளவும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ‘நியாயமான பங்கு’ என்னும் இரட்டை வசூல் நிராகரிக்கப்பட வேண்டும்.

‘கேஷ்’ என்ற சொல் ‘மறைத்துவைத்தல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. மறைத்துவைக்கப்பட்டிருக்கும் அந்தக் கிடங்கைப் பொதுவெளிக்குக் கொண்டுவருவதும், மக்களுடைமை ஆக்குவதும் இன்றைய போராட்டக் கடமைகளுள் ஒன்று.