மைக் செட்காரர் மேல பாயாதீங்க!

கல்யாண மண்டபத்தில் மைக் "கூ...ய்ய்" என்று அலறினால் போதும். நாலு பேர் மைக் செட்காரர் மேல பாய்வார்கள். "என்னய்யா, எக்கோ அடிக்குது!" என்று அதட்டல். கூலியிலும் கை வைப்பார்கள்.

அது எக்கோவே இல்லை, சார்!

ஸ்பீக்கரில் வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போகிறது. ஆம்ப்ளிபயர் அதைப் பெரிசாக்கி மறுபடி ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வளரும் கூச்சல்தான் அது. பெயர், பீட்பேக். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால் தள்ளி வைத்து, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் "போட்டோவில விழுது, ஸ்பீக்கரை மேடைக்குப் பின்னால வை" என்று பெண்ணுக்கு மாமா உத்தரவு போட்டால், பாவம், அவர் என்ன செய்வார்? போதாததற்கு, வாழ்த்த வரும் பெரிய மனிதர் மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொள்வார். கூச்சல் இன்னும் கூடும்!

எக்கோ என்பது எதிரொலி. சொன்ன சொல் தனியாகத் திரும்பி வரவேண்டும். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. சுவர் 17 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் காது அதைப் பிரித்துக் கேட்கும். பீஜப்பூர் கோல்கும்பாஸில் ஒரு தடவை கை தட்டினால் பல தடவை திரும்பக் கேட்கும். அது எக்கோ!

நம் மண்டபங்களைப் பிடித்திருக்கும் வியாதி வேறு. பளபள கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், காங்கிரீட் கூரை. சத்தம் எல்லாப் பக்கமும் மோதி, ஒன்றோடொன்று கலந்து, அடங்காமல் நிற்கும். முதல் சொல் ஓய்வதற்குள் அடுத்த சொல் அதன் மேல் ஏறிவிடும். இதற்கு ரிவெர்ப் என்று பெயர். வால்யூமைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்து கூடுமே தவிர, பேச்சு தெளியாது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு அறை இப்படித்தான் இருந்தது. பேசிய சொல் அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனதாம். 1895-ல் சேபின் என்ற பேராசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை அள்ளி வந்து பரப்பினார். முழக்கம் குறைந்தது. மெத்தை சத்தத்தைக் குடித்துவிட்டது!

லட்சக் கணக்கில் வாடகை வாங்கும் மண்டபக்காரர்கள் கனமான திரை போடக்கூடாதா? கூரைக்குச் சத்தம் உறிஞ்சும் பலகை அடிக்கக்கூடாதா? பாட்டு புரியாவிட்டால் தொலையட்டும். "குழந்தையைக் காணோம், பச்சைச் சட்டை" என்று மைக்கில் சொன்னால் புரிய வேண்டாமா? தீப்பிடித்து, "இடது பக்க வாசலாலே வெளியே போங்க" என்று கத்தினால்?

லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகள் வாசலையும் மாடிப்படியையும் பார்க்கிறபோது, மைக்கில் நாலு வார்த்தை பேசச் சொல்லி, கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும். மண்டபம் பேசப் போகிறவர்களும் காலி ஹாலில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.