கர்ப்பிணியின் காய்ச்சலும் இதய வால்வும்

"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்", "அசதி எல்லாருக்கும் வர்றதுதானே"... பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வது இது. பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் சரியாக இல்லாத அந்த ஒரு சில பேரின் கதி என்ன?

எண்டோகார்டைட்டிஸ் என்று ஒரு நோய். வாய் வழியாகவோ தோல் வழியாகவோ ரத்தத்தில் கலக்கும் பாக்டீரியா, இதய வால்வில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பெருகும். வால்வு அரித்துப்போனால் இதயம் செயலிழக்கும். அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கர்ப்பிணிகளுக்கு இது மிக அரிதாகத்தான் வரும். வந்தால் ஆபத்து இரண்டு உயிருக்கு!

ஏற்கெனவே பழுதான வால்வில்தான் கிருமி சுலபமாகக் குடியேறும். சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். இந்தியாவில் இது இன்னும் ஒழியவில்லை. பல பெண்களுக்கு இந்தப் பழுது இருப்பதே தெரியாது. கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடி, இதயத்துக்குச் சுமை ஏறும்போதுதான் அது வெளியே வருகிறது. மூச்சு வாங்குகிறது. வீட்டில் "வழக்கம்தான்" என்கிறார்கள்.

அடுத்த தவறு மருந்துக்கடையில் நடக்கிறது. காய்ச்சல் விடவில்லை என்றதும் யாரோ ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் தணிந்த மாதிரி இருக்கும். ஆனால் பிறகு ரத்தத்தைக் கல்ச்சர் செய்தால் கிருமி அகப்படாமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தைத் தருவது? ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் குழந்தையின் செவித்திறனைப் பாதிக்கக்கூடியவை என்பதால் டாக்டர்கள் யோசித்துத்தான் தர வேண்டியிருக்கிறது.

இத்தனை அரிதான நோய்க்கு எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பரிசோதனையிலேயே ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்க ஓரிரு நிமிடம் போதும். நோய் முற்றினால் 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக மருந்து, சிலருக்கு அறுவை சிகிச்சை. எது மலிவு?

2016-இல் தொடங்கிய பிரதமர் தாய்மைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது. எடை, பிரஷர், ஸ்கேன் பார்ப்பதோடு நிறுத்தாமல் இதயத்தையும், ஈறுகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். "மாசமா இருக்கும்போது பல்லில் கை வைக்காதே" என்ற பயமும் போக வேண்டும். சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், விடாத காய்ச்சலுக்குக் கடை மாத்திரை வேண்டாம். டாக்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதயத்தைப் பார்த்தீர்களா?"