வீட்டுத் தரகும் வாய்ப்பேச்சும்

கோபாலபுரத்திலே பழைய வீட்டை விற்க முற்படுவோரின் வாசலில் முதலில் வந்து நிற்பவர் தரகர். தரகு இழிதொழிலென்று நாம் கூறவில்லை. உழைப்புக்குக் கூலி நியாயமே. ஆனால் நூற்றுக்கு ஒன்றா, இரண்டா என்பதை வாய்ப்பேச்சாக விட்டுவிடுவது என்ன விவேகம்? 3 கோடி ரூபாய்க் கிரயத்தில் அந்த ஒன்றுக்கு 3 லட்சம் வித்தியாசமாயிற்றே! வாங்குவோரிடமும் அவரே கூலி பெறுவாராயின், எவர் நன்மைக்காக விலை பேசுகிறார்?

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் காக்குமென்று பலர் நம்பியிருக்கின்றனர். அதன் 9-வது பிரிவு, பதிவான திட்டங்களில் கட்டுமான முதலாளி விற்கும் மனை, வீடுகளுக்கு இடைநிற்கும் தரகரையே பதிவு செய்துகொள்ளச் சொல்லுகிறது. பாட்டனார் கட்டிய வீட்டை விற்பவருக்கு அந்தக் காவல் இல்லை. இக்குறையைச் சர்க்கார் நீக்கியே தீரவேண்டும்.

அதுவரை 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே துணை. வேறு ஏற்பாடு இல்லாவிடில், காரியம் முடியுமுன் ஏஜெண்டுக்குக் கூலி சேராதென்கிறது அதன் 219-வது பிரிவு. காரியம் என்பது ஆள் தேடித் தருவதா, கிரயப் பத்திரம் ரிஜிஸ்தர் ஆவதா? சச்சரவெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. ஆகவே கூலி எவ்வளவு, எப்பொழுது, மறுதரப்பிலும் உண்டா என்பவற்றை முன்னதாகவே எழுதிக் கையொப்பம் பெறுக. எழுத மறுக்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடலாம்.