கூரைக்கு ஒரு தனிக் கணக்கு

வெயிற்காலத்தில் கூரையின் நினைவு வருவதில்லை. மழைக்காலத்திலோ அதில் கை வைக்க முடிவதில்லை. இப்படியே ஆண்டுகள் கழிந்து, ஒரு நாள் இரவில் நெசவாளர் தம் பாவின்மேல் நீர் சொட்டும் ஓசை கேட்டு எழுந்திருக்கிறார். மதுரைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் வந்து சேர்கிறது. ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால், ஆயிரம் சதுர அடி மாடியின்மீது சுமார் 4,600 லிட்டர் நீர் இறங்குகிறது. அவ்வளவும் வழிந்தோட வேண்டும். அதில் சில குடங்கள் உள்ளே இறங்கினாலும் குழித்தறியில் வேலை நிற்கும்; பாவின் கஞ்சி இளகும்; சாயம் கசியும். உழவர் வீட்டில் விதை மூடை நனைந்தால் அடுத்த போகத்துக்கே இடையூறாகிறது.

திருநகரிலும், திருப்பரங்குன்றம், நிலையூர், அவனியாபுரம் முதலிய அண்டை ஊர்களிலும் உள்ள நம் அங்கத்தினர் பலர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மாடியில் பழைய ரப்பரை எடுத்துவிட்டுப் புதிது போட என்ன செலவாகும்?" கேள்வி நியாயமானதே. ஆயினும் இது பாதிக் கேள்வி என்பது எமது துணிபு. எத்தனை ஆண்டுக்கு என்பதும், அப்பணம் எங்கிருந்து வரும் என்பதும் மற்றப் பாதி.

ரப்பர்க் கூரை என்று கடைத்தெருவில் இரண்டு பொருள்களைச் சொல்கிறார்கள். ஒன்று, வாளியில் வாங்கித் தூரிகையால் பூசும் பூச்சு. உலர்ந்தபின் ரப்பர்போல் நெகிழ்ந்து கொடுக்கும். மற்றொன்று, சுருளாக வரும் விரிப்பு. ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவார்கள்.

நீரைத் தடுக்க ரப்பரைக் கையாளும் தொழில், துணியோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதை நெசவாளர் அறிந்துகொள்வது தகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ், கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கிடையே தடவி ஒட்டும் முறைக்கு 1823-இல் காப்புரிமை பெற்றார். அத்துணி வெயிலில் பிசுபிசுத்தது; குளிரில் விறைத்தது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் எனக் கண்டார். என்றாலும் மரத்துப் பாலிலிருந்து செய்யும் ரப்பர், வெயிலுக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் ஈடுகொடாமல் நாளடைவில் வெடித்துவிடும். ஆகையால் நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களின் ரப்பர் கூரைக்கு ஏற்றதன்று. மேனாட்டுக் கூரைகளில் 1960-களில் வழக்கத்துக்கு வந்தது, எண்ணெய்ப் பொருள்களிலிருந்து செய்யப்படும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். செவ்வையாக இட்டால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஆனால் நடுவில் நன்றாயிருக்கையிலேயே அது ஒட்டிய மூட்டுகளிலும், கைப்பிடிச் சுவரின் அடியிலும், நீர் வடியும் வாயிலும், குழாய் புகுந்த இடத்திலும் விட்டுப் போகும். கூரை கெடுவது பெரும்பாலும் ஓரத்தில்தான்.

செலவில் பெரும்பகுதி ரப்பருக்கு அடியிலே மறைந்திருக்கிறது. நம் பக்கத்துக் கான்கிரீட் தளங்களின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிப்பது நெடுநாள் வழக்கம். ஓடுகளின் இடுக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டால் அந்த ஜல்லி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் உலராமல் மேலே ரப்பரை மூடினால், சித்திரை வெயிலில் அந்நீர் ஆவியாகிக் கொப்புளமாய் எழும்பும். கொப்புளம் வெடித்தால் போட்ட பணம் போயிற்று. ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போது, பழையதைச் சுரண்டி எடுக்கும் கூலி, ஊறிய ஜல்லியைக் கொத்தி அள்ளும் கூலி, வண்டிச் சத்தம், வாட்டம் திருத்தும் செலவு, ஓரங்களுக்கான வேலை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒரே தொகையாகச் சொல்பவர் இவற்றில் எதையேனும் விட்டிருப்பார். விட்டது பின்னர் நம் தலையில் விழும். அதே வேளையில், அடித்தளம் உலர்ந்திருந்து ஒரு மூட்டு மட்டுமே விட்டிருந்தால், அம்மூட்டைச் சரிசெய்வதே போதும். எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரின் பேச்சுக்கும் மயங்க வேண்டியதில்லை.

கணக்கின் வசதிக்காக ஒன்று சொல்வோம். 30,000 ரூபாய்ப் பூச்சு ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 6,000 ரூபாய். 90,000 ரூபாயில் அடியோடு செய்த வேலை இருபது ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 4,500 ரூபாய்தான். மூன்று மடங்கு விலையுள்ளதே இங்கு மலிவு. இத்தொகைகள் ஊருக்கும் வீட்டுக்கும் தக்கபடி மாறும்; கணக்குப் போடும் வழி மாறாது.

எமக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் நூல் கிடங்கில், மிகக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்றுப் பூச்சுப் பூசினார்கள். மூன்றாம் மழைக்கு ஒழுகிற்று. மறுபடியும் பூசினார்கள், மறுபடியும் ஒழுகிற்று. கடைசியில் கொத்திப் பார்த்தபோது ஜல்லி சேறாகவும், கான்கிரீட்டின் கம்பி துருவேறியும் இருந்தன. இரண்டு பூச்சின் பணமும், நனைந்த நூற்சிப்பங்களின் நஷ்டமும், கம்பி வேலையின் செலவும் சேர்ந்தபின், முதலில் தள்ளுபடி செய்த உயர்ந்த விலைப்புள்ளியே சிக்கனமானது என்று அனைவருக்கும் விளங்கிற்று. அந்த ஆண்டு அங்கத்தினருக்குப் போனஸ் இல்லை.

இங்கே நிர்வாகிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கையில் இருந்த பணத்துக்குத் தக்கதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஆண்டுதோறும் சங்கக் கணக்கில் கட்டடத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம். ஏட்டில் கழித்த அத்தொகை பெரும்பாலும் பெட்டியில் தனியாக இருப்பதில்லை. நூல் கொள்முதலிலும் விற்காத சேலைகளிலும் கலந்துவிடுகிறது. கூரை ஒழுகும் நாளில் தேய்மானம் ஏட்டில் இருக்கும், ரூபாய் இராது.

"கூலி பாக்கியும் தேங்கிய சரக்கும் இருக்கையில் கூரைக்கு எங்கே ஒதுக்குவது?" என்று சிலர் கேட்பார்கள். இக்கஷ்டத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் ஒதுக்காத சங்கமும் கூரைக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வேலையிழந்த நாட்களாகவும், கடனுக்கு வட்டியாகவும் கொடுக்கிறது.

எனவே நாம் வேண்டுவன சிலவே. தேய்மானத் தொகையில் ஒரு பகுதியேனும் மத்தியக் கூட்டுறவு வங்கியில் கூரை நிதி என்ற பெயரில் தனி வைப்பாக இருக்கட்டும். அங்கத்தினர் தம் வீட்டுக்கும் மாதச் சேமிப்பு ஒன்று தொடங்கட்டும். மேலே சொன்ன கணக்கின்படி அது மாதம் 375 ரூபாய். விலை ஏறுமாகையால் சற்றுக் கூட்டியே போடுவது நலம். ஒரே தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து விலைப்புள்ளி கேட்டால் பொருளும் கூலியும் குறையும். வேலையைப் பார்த்துக்கொள்ளப் பத்துக் கண்களும் இருக்கும். தளம் நன்கு உலர்ந்திருக்கும் மாசி, பங்குனியில் வேலையை முடிப்பது நன்று. ஆவணியில் ஒரு முறை மாடி ஏறி, வடிகுழாய் வாயில் அடைத்த சருகை அள்ளிப் போட்டு, ஓரங்களைத் தடவிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

அடுத்த மகாசபையில் வரவு செலவு படிக்கும்போது, கூரைக்கென்று எவ்வளவு தனியே இருக்கிறது என்று அங்கத்தினர் ஒருவராவது எழுந்து கேட்பாராக. பதில் சொல்லும் கடமை நிர்வாக சபைக்கு உண்டு.